சிவப்புத் தட்டு

“எங்க பட்டுச்சு, புள்ள?”

சுடுதளத்துக் குழிக்குள் இருந்த என்னிடம் வந்து அப்படிக் கேட்டவர் கோன்ராட் லோமான் ஒருவர்தான். மற்றவர்கள் தட்டைப் பார்ப்பார்கள். தட்டைத் தூக்குகிறவளை யாரும் பார்த்ததில்லை. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

செயலாளர் அவர்களே, சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் தந்திருந்தீர்கள். நன்றாக வந்திருக்கிறது. நம் தாத்தாக்கள் ஜெர்மனியிலிருந்து டெக்சஸுக்கு வந்ததும் கிணறு வெட்டுவதற்கு முன்பே குறிசுடும் சங்கம் அமைத்துவிட்டார்கள் என்ற இடத்தில் சிரித்தேன். ஒரே ஒரு வரி தவறு. “தாம் சுட்ட கடைசி ஆண்டில் லோமான் ஒரு குண்டைக்கூடத் தவறவிடவில்லை” என்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். போன மாதம் அவரை அடக்கம் செய்து, குழிமேட்டில் நின்று மூன்று முறை சுட்டு மரியாதையும் செய்துவிட்டீர்கள். இனி அவருக்கு வலிக்காது.

ஜெர்மனியோடு நடந்த போர்க்காலத்தில் சங்கத்தின் பெயர்ப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றினார்களே, அந்த வருடம்தான் நான் பள்ளியை விட்டேன். எனக்குத் திக்குவாய். பாடம் படிக்க எழுந்தால், லோமானின் மகன் எர்வின் பின்பெஞ்சிலிருந்து எனக்கு முன்பே திக்கிக் காட்டுவான். வகுப்பே சிரிக்கும். ஆசிரியரும் சிரிப்பார். சின்ன வயது விஷயம். எர்வின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை என் நோட்டுகள் எல்லாவற்றிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் போனதும் அவர் பார்த்த குழி வேலை எனக்கு வந்தது. இருநூறு கஜம் தள்ளி நின்று சுடுகிறவருக்குத் துளை தெரியாது. குறிப்பலகைக்குக் கீழே குழியில் இருப்பவள்தான் கழியைத் தூக்கிக் காட்டவேண்டும். நடுவில் பட்டால் சிவப்புத் தட்டு, ஓரத்தில் பட்டால் வெள்ளை. படவே இல்லை என்றால் வெறும் கழியை ஆட்டவேண்டும். பிறகு துளைமேல் காகிதம் ஒட்டிவிட வேண்டும். ஒட்டியபின் யாரும் எதையும் சரிபார்க்க முடியாது.

சுட்டு முடித்ததும் கோன்ராட் மாமா அவ்வளவு தூரமும் நடந்து வருவார். ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து எனக்கென்று கொண்டுவருவார். நான் திக்கி முடிக்கும்வரை காத்திருப்பார்.

அவர் குண்டு முதன்முதலாக விலகிய ஞாயிறு, என் கை சிவப்புத் தட்டைத்தான் எடுத்தது. அடுத்த வாரமும் அதையே எடுத்தது. நோட்டில் வட்டம் போட்டு, உண்மையில் பட்ட இடத்தில் புள்ளி வைத்தேன். எதிலும் ஒழுங்கு வேண்டும். பீர் மேசையில், “கிழவனுக்குக் கண்ணு தெரியலடா, அவன் தோட்டாவுக்கு நல்லாத் தெரியுது” என்றார்கள். அந்த வருடம் அதிகப் புள்ளி எடுத்து அவர்தான் சங்கத்தின் ராஜா ஆனார். மண்டபச் சுவரில் அவர் பெயர் எழுதிய வட்டப் பலகை இன்னும் தொங்குகிறது.

அடுத்த இலையுதிர்காலத்தில் அவர் குழி விளிம்பில் உட்கார்ந்தார்.

“கண்ணுல புரையாம். துப்பாக்கியத் தொடாதேங்கறான் டாக்டர். நீ சொல்லு, தெக்லா. என் குண்டு எங்க விழுதுன்னு தெரிஞ்சவ இந்த உலகத்துல நீ ஒருத்திதான்.”

“ந-நடுவுலதான், மாமா.”

அவர் என் தலையில் கை வைத்தார். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டால் அவர் ஞாயிறுகளில் வரமாட்டார். அதைத்தான் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

மான் வேட்டைக்கு முந்தைய சனிக்கிழமை எர்வின் பீர் மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “அப்பா ஒரு இடத்துல நின்னாப் போதும். நான் புதருக்குள்ள போயி மானை அவர் பக்கம் வெரட்டிவிடுறேன். அவர் குறி தப்புமா என்ன? நம்ம தெ-தெ-தெக்லாவே சாட்சி.”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு குழிக்குப் போனேன். அன்று மாமா கடைசியாக மூன்று குண்டு சுட்டார். ஒன்று பலகையின் மரச்சட்டத்தில் பட்டது. இரண்டு மண்மேட்டில் புதைந்தன. மூன்று முறையும் சிவப்புத் தட்டைத் தூக்கினேன். மறுநாள் புதருக்குள் யார் நடப்பார், துப்பாக்கி யார் கையில் இருக்கும் என்று தெரிந்துதான் தூக்கினேன்.

எர்வின் பழுப்புக் கோட்டு போட்டிருந்தானாம். புதர் அசைந்ததாம், மாமா சுட்டாராம். எங்கே பட்டது என்று காட்ட அங்கே யாரும் இல்லை. எர்வின் சாவை ஷெரிப் விபத்து என்று எழுதினார்.

ஒன்பதாம் நாள் மாமா சுடுதளத்துக்கு வந்தார். கையில் துப்பாக்கி இல்லை, ரொட்டியும் இல்லை. நான் பலகைக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

“அந்தச் சனிக்கிழமை,” என்றார். “கடைசி மூணு. என் கண்ணு கெட்டதாலதான் அவன் போனானான்னு தெரியணும். எங்க பட்டுச்சு, புள்ள?”

நோட்டு என் ஏப்ரன் பையில்தான் இருந்தது. ஆனால் துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதலாக ஏதாவது கொடுக்கத்தானே வேண்டும். கழியை எடுத்து, சிவப்புத் தட்டைப் பலகையின் நடுவில் வைத்தேன். எடுத்து மறுபடி வைத்தேன். மூன்றாம் முறையும் வைத்தேன். இரண்டடி தூரம்தான், அவர் கண்ணுக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, அந்த இருநூறு கஜமும் திரும்பி நடந்து போனார்.