லிஃப்ட் ஓடாத நாட்கள்

படிக்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் நம்மைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒதுங்கச் சொன்னவர் அடுத்த வார்த்தையையும் தானாகவே பேசிவிடுவார். இதைக் கண்டுபிடித்தது என் மனைவி. நான் அதைக் கொஞ்சம் விரிவுபடுத்தினேன், அவ்வளவுதான்.

எழுதியே தருகிறேன் என்று நான்தான் கேட்டேன், இன்ஸ்பெக்டர் அம்மா. வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் முகம் சுளிப்பீர்கள், எனக்குப் பேச்சு நின்றுவிடும். முடிவை மட்டும் பார்த்தால் என்னைத் தப்பாக நினைக்க இடமிருக்கிறது. முதலிலிருந்து படித்தால் அந்த இடம் குறையும்.

பல்கலைக்கழகத்தில் என் வேலை, வளாகத்துக் குடியிருப்பில் இருப்பவர்களை ஒருவரோடொருவர் பழக வைப்பது. பொதுக் காரியங்களுக்கு இழுப்பது, குடியிருப்போர் மன்றத்துக்கு ஓட்டுப் போட வைப்பது. கேட்பதற்கு எளிய வேலை. எங்கள் கட்டடம் எட்டு மாடி. ஆசிரியர்களும், குடும்பத்தோடு வந்த ஆய்வு மாணவர்களும் இருந்தார்கள். லிஃப்டில் ஏறியதும் எல்லோரும் மாடி எண் மாறுவதைப் பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்ப்பார்கள். கதவு திறந்ததும் விட்டால் போதும் என்று ஓடுவார்கள். அடுத்த வீட்டில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாமலே பட்டம் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

நான் சுவரொட்டி ஒட்டினேன். மாலைத் தேநீர்க் கூட்டம் வைத்தேன். வந்தது புள்ளியியல் பேராசிரியர் ஒருவர்தான். தட்டு காலியானதும் எழுந்துவிடுவார். என் மனைவி அவருக்கு பிஸ்கட் மாமா என்று பெயர் வைத்தாள். மன்றத் தேர்தலில் பாதிப்பேராவது ஓட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் தேர்தல் செல்லாது என்பது விதி. அதுவரை என் காலத்தில் அது செல்லுபடியானதே இல்லை.

என் மனைவி ஊரில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். எனக்கு இந்த வேலை கிடைத்ததும் கடையை மூடிவிட்டு என்னோடு வந்தாள். கையில் கத்தரியும் எதிரில் ஒரு தலையும் இருந்தால் அவள் ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்ப்பாள். இங்கே வந்து அவளுக்குத் தலைகளே கிடைக்கவில்லை.

"வாய் துருப்பிடிச்சிடும்போல இருக்குங்க. நேத்து ஃப்ரிட்ஜோட பேசினேன். அதுவாவது 'உம்' கொட்டுது" என்பாள்.

ஒருநாள் சிரிக்காமலும் சொன்னாள். "கொஞ்ச நாள் பார்ப்பேன். இப்படியே இருந்தா அக்கா வீட்டுக்குப் போய் மறுபடி கடையைத் திறந்துடுவேன். நீங்க இங்கயே போஸ்டர் ஒட்டிக்கிட்டு இருங்க."

அவள் சொன்னதைச் செய்கிறவள். நான் பயந்துபோனேன்.

அந்தச் சமயத்தில்தான் லிஃப்ட் தானாகவே பழுதானது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை.

எட்டாம் மாடியில் குடியில்லை, பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் வீடு நாலாம் மாடி. மேலே போகிறவர்களுக்கு அங்கே வரும்போது மூச்சு வாங்கும். என் மனைவி சில நாற்காலிகளைக் கீழே கொண்டுவரச் சொல்லி வீட்டு வாசலில் போட்டாள். தண்ணீர் ஜாடி வைத்தாள். அவள் மட்டும் படியில் உட்கார்ந்துகொண்டாள். அன்று மாலைக்குள் ஏழாம் மாடிப் பெண் கர்ப்பமாக இருப்பதும், ஆறாம் மாடி வேதியியல்காரர் வயலின் வாசிப்பதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பிஸ்கட் மாமா தலையைப் பார்த்து, "ஏன் மாமா, இதைக் கத்தரியால வெட்டினீங்களா, கணக்குப் போட்டு வெட்டினீங்களா?" என்று கேட்டாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதுதான் இங்கே அவள் வெட்டிய முதல் தலை.

லிஃப்டைச் சரிசெய்யச் சொல்லி நிர்வாக அலுவலகத்துக்கு எல்லோரும் சேர்ந்து போனார்கள். வழியெல்லாம் சிரிப்பு. அந்த வாரம் நடந்த தேர்தல் முதல்முறையாகச் செல்லுபடியானது.

பிறகு லிஃப்ட் சரியாயிற்று. மறுநாளே எல்லோரும் அண்ணாந்து எண்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வாசல் நாற்காலிகளில் தூசி படிந்தது. என் மனைவி பெட்டியை எடுத்து அலமாரிக்கு வெளியே வைத்தாள். துணி வைக்கவில்லை. சும்மா வெளியே வைத்தாள்.

பழுது பார்க்க வந்த மெக்கானிக் நல்ல மனிதர், கற்றுக்கொடுப்பதில் ஆசை உள்ளவர். ஒவ்வொரு மாடியிலும் கதவுக்கு மேலே ஒரு சின்ன மூடிக்குள் இரண்டு உலோக நாக்குகள் இருக்கின்றன. கதவு மூடியதும் அவை ஒட்டிக்கொள்ளும். ஒரு மாடியில் ஒட்டாவிட்டாலும் லிஃப்ட் நகராது. "தூசி போதும் சார், மொத்த வண்டியும் படுத்துடும்" என்று காட்டியிருந்தார். மூடியின் சாவி என் அலுவலகத்தில் இருந்தது. பிஸ்கட் டப்பாவின் அட்டையில் நகத்தளவு வெட்டி எட்டாம் மாடி நாக்குகளுக்கு நடுவே செருகினேன். அந்தக் கட்டடத்தில் என் கைபட்டு உடனே பலன் தந்த முதல் நிகழ்ச்சி அதுதான்.

கம்பெனியிலிருந்து ஆள் வர எப்போதும் சில நாட்கள் ஆகும். அவர் வருகிற காலையில் அட்டையை எடுத்துவிடுவேன். அவர் லிஃப்டில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு மண்டையைச் சொறிவார். "டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் பல்வலி நிக்கும் பாருங்க, அந்த மாதிரி என்னைப் பார்த்தாலே இது ஓட ஆரம்பிச்சுடுது சார்."

"உங்க முகராசி" என்பாள் என் மனைவி. அவர் தலையையும் வெட்டி அனுப்பினாள்.

அடிக்கடி செய்யவில்லை. பேச்சு வற்றுகிறதா என்று பார்த்துத்தான் செய்வேன். ஒரு தடவை மாறுதலுக்காகத் தண்ணீர்க் குழாயை மூடினேன். கீழ்த் தோட்டக் குழாயிலிருந்து ஏழாம் மாடிவரை எல்லோரும் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றினார்கள். என் மனைவி நடுவில் நின்று, "வேதியியல், கை நடுங்குது, வயலின் வாசிக்கிறப்பவும் இப்படித்தானா?" என்று அதட்டினாள். நனையாதவர் யாருமில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் நீங்களே போய்க் குழாயை மூடியிருப்பீர்கள்.

பலன்களையும் பாருங்கள். வாசல் சாலையைக் கடக்க சிக்னல் வந்தது, மன்றம் கேட்டுப் பெற்றது. நூலகத்தில் குழந்தைகளுக்கு ஓர் அறை வந்தது. துணைவேந்தர் என்னை மேடையில் நிறுத்தி, மற்ற வளாகங்கள் இவரைப் பார்த்துக் கற்க வேண்டும் என்றார். என் மனைவி பெட்டியை அலமாரிக்குள் தள்ளிவிட்டாள்.

அவளுடைய இதயத்தைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். ஆமாம், ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "நாலாவது மாடிதான் டாக்டர், லிஃப்ட் இருக்கு" என்று அவளே சொன்னாள். நான் யோசித்துப் பார்த்தேன். லிஃப்ட் ஓடாத நாட்களில் அவள் எங்கும் போக வேண்டியதில்லை. எல்லோரும் அவளிடம் வந்தார்கள். அவளுக்காக நான் கடைக்குப் போய்வந்தேன். ஒரு நோயாளிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்குமா?

அவள் வாசலோடு நிற்கமாட்டாள் என்பதுதான் என் கணக்கில் விட்டுப்போயிற்று. ஏழாம் மாடிப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்திருந்தது. அவளால் கீழே இறங்க முடியாது. "பச்சக்குழந்தைக்கு யாராவது ரெண்டு வார்த்தை பேசணும்ங்க, இல்லன்னா அதுவும் ப்ரொஃபசர் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு என் மனைவி மேலே போகத் தொடங்கினாள். நின்று நின்றுதான் ஏறினாள். உதடு லேசாக நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்த பெண்ணைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

லிஃப்டை நான் நிறுத்தி வைத்திருந்த ஒரு மத்தியானம் அந்தப் பெண்தான் கத்தினாள். "அங்கிள், அக்கா விழுந்துட்டாங்க!"

நான் போனபோது என் மனைவி ஏழாம் மாடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "குழந்தை என்னைப் பாத்து சிரிச்சுது, வாயுவால இல்ல, நிஜமாவே சிரிச்சுது" என்றாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடிவந்தார்கள். "லிஃப்ட் ஓடலையா? இந்த வளைவுல ஸ்ட்ரெச்சர் திரும்பாதே" என்றார் ஒருவர்.

அதற்குள் கட்டடமே படிக்கட்டுக்கு வந்துவிட்டது. யார் சொல்லியும் வரவில்லை. வாசல் நாற்காலி ஒன்றை மேலே கொண்டுவந்தார்கள். அவளை உட்காரவைத்துத் துப்பட்டாக்களால் கட்டினார்கள். பிஸ்கட் மாமா, என்னைவிட மூத்தவர், நாற்காலியின் முன்காலைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, பயப்படாதே, நான் பிடிச்சிருக்கேன். யாரும் அவசரப்படாதீங்க, திருப்பத்துல ஆள் மாத்துங்க" என்று ஒழுங்குபடுத்தினார். ஒரு காலத்தில் பிஸ்கட் தீர்ந்ததும் ஓடிப்போனவர்.

நான் எட்டாம் மாடிக்கு ஏறினேன். அவர்கள் ஏழாம் மாடியைவிட்டு நகரும் முன்பே ஏறிவிட்டேன். சாவி என்னிடம்தான் இருந்தது. மூடியைத் திறந்தேன். அட்டை விரலில் பட்டது. இழுத்தால் போதும், லிஃப்ட் மேலே வந்துவிடும். அவளைக் கீழே கொண்டுபோக ஒரு நிமிடம்கூட ஆகாது. படிக்கட்டில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரி டாக்டர் அந்த நேரத்தைப் பற்றி உங்களிடம் சொன்னதும் எனக்குத் தெரியும். அவர் சொன்னது சரிதான்.

அப்போது கைப்பிடிக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மாடியிலும் கைகள். தூக்கத் தயாராக, மேல்நோக்கி நீட்டிய கைகள். வேதியியல்காரர், சமையலறைக் கையுறையைக் கழற்றக்கூட மறந்த ஓர் அம்மா, பெயர் தெரியாத புது மாணவர்கள். நடுவில் என் மனைவி நாற்காலியில் ராணி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தாள். "மெதுவாப்பா, முடி கலையுது" என்று அவள் சொன்னதும், அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். இத்தனை வருடம் நான் சுவரொட்டியில் எழுதிவந்தது அத்தனையும் அங்கே நடந்துகொண்டிருந்தது.

மூடியை மறுபடி மூடினேன். சாவியைத் திருப்பினேன். இறங்கிப்போய் நானும் ஒரு கை கொடுத்தேன்.

இரண்டாம் மாடிக்கு வரும்போது அவள் பேச்சு நின்றிருந்தது. பிஸ்கட் மாமா அது தெரியாமல் கீழே வரும்வரை அவளோடு பேசிக்கொண்டே வந்தார்.

அடக்கத்துக்கு வளாகமே வந்தது. பிறகு நிர்வாகம் லிஃப்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னது. மெக்கானிக் அட்டையை எடுத்து என் கையில் வைத்து, என் முகத்தையே பார்த்தார். அவர் உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

என்னைப் பற்றிப் பேச மன்றத்தில் அவசரக் கூட்டம் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். ஒருவர் விடாமல் வருவார்கள். நாற்காலி போதாது, எட்டாம் மாடியிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள்.

அவளைக் கொன்றது நான்தான் என்று எழுதி, கையெழுத்துப் போட வேண்டும் என்கிறீர்கள். போடுகிறேன். அட்டையைச் செருகியது நான், எடுக்காமல் விட்டதும் நான். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும், அம்மா. அந்த லிஃப்டில் ஒரு நாற்காலி வைத்தால் வேறு யாருக்கும் இடமிருக்காது. அன்று அது ஓடியிருந்தால், பாவம், அவள் தனியாக அல்லவா போயிருப்பாள்.