திருப்புளிக்குப் போட்ட பூஜ்யம்

மேடையின் நடுவே, என் பேச்சு எப்போது முடியும் என்று கடிகாரம் பார்க்காமல் புன்னகைத்திருக்கும் தேர்வுக் குழுத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடி மின்ன அமர்ந்திருக்கும் மூத்த ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை சான்றிதழ் வாங்குவதைக் கண்ணாரக் காண, அடுப்பை அணைத்துவிட்டு அரக்கப்பரக்க ஓடிவந்திருக்கும் அன்னையரே! அப்படி ஓடிவந்தும் அன்னையருக்குப் பின்னால்தான் இடம் கிடைத்த அப்பாக்களே! கடைசி வரிசைக் கண்மணிகளே! உங்கள் யாவருக்கும் என் வணக்கத்தை வாஞ்சையோடு வைக்கிறேன்.

இந்தத் தொழிற்கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மோட்டார் பாடம் நடத்துகிறவன் நான். வாழ்த்துரை வழங்கச் சொல்லி அழைத்தார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் வாழ்த்துக்கு முன்னால் ஒரு வழக்கு இருக்கிறது. வழக்கைத் தொடுத்தவனும் நான், குற்றவாளிக் கூண்டில் நிற்பவனும் நான்.

பொறுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். ஆகா! இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? குழாயிலிருந்தா? சரியாகச் சொன்னீர்கள் தம்பி. குழாய்க்கு? மாடித் தொட்டியிலிருந்து. தொட்டிக்கு? அதை மட்டும் நாம் யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டடத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, தகரக் கதவு போட்ட ஒரு பம்பு அறை இருக்கிறது. அதில் மூன்று மோட்டார்கள். பதினெட்டு ஆண்டுகளாக அவற்றை ஓட்டுகிறவர் என் தங்கையின் கணவர்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் அவர். பழுதான மோட்டார்களைத் தானே பிரித்து, தானே பூட்டி, தானே கற்றவர். இந்த ஆண்டு ஒரு விதி வந்தது: சான்றிதழ் இல்லாத பம்பு இயக்குநர்கள் அடுத்த மாதம் முதல் தேதிக்குமேல் வேலையில் இருக்கக் கூடாது. மனிதர் அசரவில்லை. நாற்பத்தாறு வயதில், மகன் வயதுப் பிள்ளைகளோடு பரீட்சை பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுதினார். தேர்வு முடிவு வந்தது. நான்கு மதிப்பெண்ணில் தோற்றுப்போனார்.

மறுநாள் மதியம் தங்கை வீட்டில் எனக்குச் சாப்பாடு. விடைத்தாளின் நகலை வாங்கி வைத்திருந்தாள். தட்டில் பரிமாறிக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

“பாருண்ணா இந்த அநியாயத்த! பேரிங் போச்சுன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு கேள்வி. தெனமும் இவர் செய்யுறதத்தான் எழுதியிருக்காரு. பத்துக்குப் பூஜ்யம்! எந்த மகராசன் போட்டானோ, அவன் வீட்டு மோட்டார் நடுக் குளியல்ல நிக்கணும்!”

நகலை வாங்கிப் பார்த்தேன். அவருடைய விடை இதுதான்: “ஓடுற மோட்டார்ல பேரிங் இருக்கிற எடத்துல திருப்புளி முனையை வெச்சு, கைப்பிடியைக் காதுல ஒட்டிக் கேக்கணும். சீரா ரீங்காரம் வந்தா நல்லது. மணல் அரைபடுற மாதிரி வந்தா பேரிங் போச்சு.” பக்கத்தில் சிவப்பு மையில் ‘பாடத்திட்டத்தில் இல்லை’ என்று எழுதி, வட்டமாக ஒரு பூஜ்யம்.

பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தேன். விடைத்தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆனால் கையெழுத்துக்கு எண் வேண்டுமா, என்ன?

“ஏண்ணா, இந்தக் கையெழுத்த எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?” என்றாள் தங்கை.

“என்னோடதும்மா” என்றேன்.

சிரிக்கிறீர்கள். என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள் அவள். அன்று அரைவயிற்றோடு எழுந்தேன், முழு வெட்கத்தோடு நடந்தேன். எங்கே? பம்பு அறைக்கு. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவரோ கோபப்படவே இல்லை. கேட்டுவிட்டு, திருப்புளியை என் கையில் கொடுத்தார்.

“விடுங்க மச்சான். இதுல ஒண்ணு இன்னும் ரெண்டு நாள்ல மக்கர் பண்ணும். எதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

அவையோரே, அலைநீளமும் அதிர்வெண்ணும் அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொடுக்கும் இந்த வாத்தியாரின் காது, அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு திருப்புளியைத் தொட்டது. முதல் மோட்டார்: கொய்ங். இரண்டாவது: கொய்ங். மூன்றாவதும் கொய்ங்! குருட்டாம்போக்கில் மூன்றாவது என்றேன். அவர் இரண்டாவதை நிறுத்தி, கழற்றி, பேரிங்கைத் துடைத்துக் காட்டினார். அச்சைச் சுழலவிடும் இரும்புக் குண்டுகள் மேலெல்லாம் அம்மைத் தழும்பு. புத்தகம் படித்தவனுக்குப் பூஜ்யம் விழுந்தது அந்த அறையில்!

ஆனால் கதை அங்கே முடிந்திருந்தால் நான் இங்கே பேசவே வந்திருக்க மாட்டேன். பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டே அவர் கேட்டார்.

“மச்சான், ரொம்ப நாளா ஒரு சந்தேகம். காத்துல கேக்காத சத்தம் கம்பி வழியா மட்டும் எப்படித் தெளிவா வருது? யார்கிட்டக் கேக்குறதுன்னு தெரியாம அப்பிடியே விட்டுட்டேன்.”

யோசித்துப் பாருங்கள்! பதினெட்டு ஆண்டுகளாக இந்த மனிதர் ஒரு ‘எப்படி’ என்ற கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தார். அதற்கான பதிலை இருநூறடி தள்ளி, கரும்பலகையில் நான் ஆண்டுதோறும் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். திடப்பொருளில் ஒலி எப்படிப் பாய்கிறது என்று விளக்க, சாக்பீஸ் தேடி, கிடைக்காமல், கிரீஸைத் தொட்டுத் தரையிலே வரைந்தேன். “அப்போ மரக்கம்பா இருந்தா?” என்றார். விளக்குமாற்றின் கட்டையை வைத்துக் கேட்டோம். “ரப்பரா இருந்தா?” அதையும் கேட்டோம். நரைத்த தலையோடு இருவரும் தரையில் தவழ்ந்து மோட்டாரைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். என் வாழ்க்கையில் நான் நடத்திய மிகச் சிறந்த வகுப்பு அதுதான். அதில் ஆசிரியர் யார், மாணவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என்ன, கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்? “அப்போ நாங்க காலேஜுக்கு வர வேண்டாமா சார்?” நல்ல ஆசை தம்பி! நாளைக்கும் வா, வருகைப் பதிவேடு காத்திருக்கிறது. ஆனால் வரும்போது காதையும் கொண்டு வா. கேள்வி கேட்பவனுக்குக் கல்லூரி எதற்கு என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்பவனை வெளியே நிறுத்தும் கல்லூரி எதற்கு என்றுதான் கேட்கிறேன்! செய்து கற்றவரின் விடை செல்லாது என்றால், சொல்லித்தரக் கற்ற நம் விடை எதற்குச் செல்லும்?

உறவுக்காரனுக்கு உருகுகிறான் என்று அங்கே ஒருவர் முணுமுணுப்பது தெரிகிறது. நியாயமான சந்தேகம் ஐயா. நான் பரிந்துரை கேட்கவில்லை, பரிசோதனை கேட்கிறேன். என்னை விலக்கிவிட்டு வேறு தேர்வாளர்களை அனுப்புங்கள். ஓடும் மோட்டார்களுக்கு முன்னால் அவரை நிறுத்துங்கள். தோற்றால் தோற்கட்டும், ஆனால் மோட்டாரிடம் தோற்கட்டும்.

முடிவு வந்த முப்பது நாளுக்குள் தேர்வாளரே தன் பிழையை எழுதிக் கொடுத்தால் மறுதேர்வு வைக்கலாம் என்று விதி இருக்கிறது. இன்று இருபத்தொன்பதாவது நாள். என் பிழையை ஒப்புக்கொள்ளும் கடிதம், தலைவர் அவர்களே, தங்கள் முன்னால் பூங்கொத்துக்கு அடியில் இருக்கிறது. தங்கள் கையொப்பம்தான் பாக்கி. என் தங்கையின் கணவர் இந்த அரங்கில் இல்லை. நீங்கள் கைகழுவவும் நான் தொண்டை நனைக்கவும் வேண்டுமே, பம்பு அறையில் இருக்கிறார்.

என்ன ஐயா, பேனாவா கேட்கிறீர்கள்? இதோ… என்னிடம் இந்தச் சிவப்புப் பேனா ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பூஜ்யத்தைப் போட்டதும் இதுதான். பரவாயில்லையா?

கையொப்பமிட்ட கரத்துக்கும், கைதட்டிய கரங்களுக்கும், தகரக் கதவுக்குப் பின்னால் இந்தக் கைதட்டல் கேட்காத அந்தக் காதுக்கும் என் நன்றி. வணக்கம்!