சிறிய வண்டிதான் கேட்டேன்

வாடகைக்குக் கார் எடுத்தால் சின்னதாக எடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. சந்துக்குள் திருப்பலாம், கிடைத்த நிழலில் நிறுத்தலாம், பார்க்கிறவர் கண்ணையும் உறுத்தாது. அன்றைக்கும் ஒரு சின்ன சாம்பல் நிற வண்டியைத்தான் புக் செய்திருந்தேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்குத் தெரிந்த முதல் அதுதான்.

என் பெயர் ஹில்டா. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நூலகர். சத்தம் போடாமல் இருப்பதற்கும், மற்றவர்களைச் சத்தம் போடவிடாமல் இருப்பதற்கும் சம்பளம் வாங்குகிறவள். சேலையூரில் அப்பா வேதசிரோமணி கட்டிய வீட்டில் நானும் தங்கை ரோஸியும் இருந்தோம். அம்மா போனபோது ரோஸிக்குப் பால்பல்கூட விழவில்லை. சோறூட்டி, தலை வாரி, வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து அவளை வளர்த்தது நான். வளர்ந்து மழலையர் பள்ளியில் டீச்சரானாள். அங்கே போயும் அவள் சிரிப்பு அடங்கவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து இன்னும் பெரிதாயிற்று.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கொஞ்சம் தாமதமான கல்யாணம். மாப்பிள்ளை ஜீவானந்தம், படப்பைக்காரர், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நல்ல மனிதர். அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. நான் முயன்று பார்த்தேன்.

சனிக்கிழமை பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். முதலில் வண்டலூரில் சித்தி வீடு, பிறகு பெரும்பாக்கத்தில் முனியம்மா, கடைசியாகப் படப்பையில் மாப்பிள்ளை வீட்டில் மதியச் சாப்பாடு. முடிச்சூர் சாலையில் இருக்கும் வாடகைக் கார் கடைக்குப் போனால், கவுண்டரில் இருந்த ஸ்டெபின் எழுந்து நின்றுவிட்டான். எழுந்து நிற்கிற ஆள் நல்ல சேதி சொல்ல மாட்டான்.

"மேடம், சாரி. உங்க வண்டிய நேத்து எடுத்துட்டுப் போனவர் இன்னும் திருப்பிக் கொண்டாரல. அதே வாடகைக்குப் பெரிய வண்டி தரேன். புதுசு மேடம், சன்ரூஃப் இருக்கு."

"நான் சின்ன வண்டிதான் கேட்டேன்" என்றேன்.

"சின்னதுல எதுவும் இல்ல மேடம்."

அந்த வண்டி வாசலில் நின்றது. தக்காளிச் சிவப்பு. ஏறுவதற்குப் பக்கத்தில் ஒரு படி. முன்பக்கம் பல்லைக் காட்டிச் சிரிக்கிற மாதிரி இருந்தது. நான் வேறு கடையைப் பார்க்கலாம் என்று திரும்பியபோது ரோஸி ஏற்கெனவே உள்ளே ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுவிட்டாள். "அக்கா, ப்ளீஸ்க்கா. நம்ம வாழ்க்கைல ஒருநாளாவது நாம கேட்டத விடப் பெருசா ஒண்ணு கெடச்சிருக்கா? வாக்கா."

இதை நீங்கள் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் மறுத்தேன். கடைக்காரன் கொடுத்தான், தங்கை கெஞ்சினாள், நான் ஏறினேன்.

வெளிச்சுற்றுச் சாலைக்கு வருவதற்குள் ரோஸி அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டாள். கூரைக் கண்ணாடி சத்தமே இல்லாமல் பின்னால் நகர்ந்தது. வானம் வண்டிக்குள் வந்தது. அவள் பெல்ட்டைக் கழற்றி, பின் இருக்கைக்குத் தாவி, செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கைமேல் ஏறி நின்றாள். எனக்குக் கண்ணாடியில் அவள் புடவைக் கொசுவமும் கொலுசும்தான் தெரிந்தன. மேலே இருந்து ஒரு கூச்சல் வந்தது. சொல் எதுவும் இல்லை, வெறும் சந்தோஷம்.

உட்காரு என்று சொன்னேன். அப்போது சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை.

எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப்போயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து ஓட்டினால் பஸ்காரர்கூட நம்மை மதிக்கிறார். வண்டலூர் சித்தி வாசலுக்கு வந்து, நாங்கள் யாரோ பெரிய இடம் என்று நினைத்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். உயிரியல் பூங்கா வாசலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ரோஸி மேலே இருந்து அவர்களைப் பார்த்து சிங்கம் மாதிரி உறுமினாள். மொத்த வரிசையும் கலைந்து எங்களைப் பார்த்துத் திரும்ப உறுமியது. கூட வந்த டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ஹாரன் அடித்தேன். காரணமே இல்லாமல் ஹாரன் அடித்தது என் வாழ்நாளில் அதுதான் முதல்முறை. உடனே இன்னொருமுறையும் அடித்தேன்.

மேடவாக்கம் சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாக்கா, எந்தக் கட்சி?"

"கல்யாணக் கட்சி அண்ணா" என்றாள் ரோஸி. "சின்னம் சன்ரூஃப்."

"அப்போ நம்ம ஓட்டு ஒனக்குத்தான்க்கா" என்று அவர் ஆட்டோவில் இருந்த சவாரியையும் சேர்த்துக் கை தட்ட வைத்தார். போக்குவரத்துக் காவலர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, உட்காரும்மா என்று கையைக் காட்டினார். ரோஸி பவ்யமாக உட்கார்ந்தாள். சிக்னல் தாண்டியதும் மறுபடி எழுந்தாள்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் முனியம்மா மூன்றாம் மாடியிலிருந்து எங்களைப் பார்த்துவிட்டாள். எங்கள் வீட்டில் வேலை செய்தவள். ரோஸியை இடுப்பில் தூக்கி வைத்திருந்தவள். அரசாங்கம் அவளை அங்கே குடிமாற்றிய பிறகு நாங்கள் அடிக்கடி பார்க்க முடிவதில்லை.

"இன்னா ரோஸி, வூடே உருண்டுகினு வருது?" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, தானும் ஒருமுறை மேலே நிற்க வேண்டும் என்றாள். இரண்டு பேரையும் நிற்க வைத்து அந்த பிளாக்கை மெதுவாகச் சுற்றினேன். முனியம்மா எல்லா ஜன்னலையும் பார்த்துக் கும்பிட்டாள். "அடியே பட்டு, வந்து பாருடி. நான் கவுன்சிலராயிட்டேன். உன் வூட்டுக்குத் தண்ணி வருதா?" ஜன்னலிலிருந்து பட்டு என்னவோ கெட்ட வார்த்தையில் வாழ்த்தினாள். சிரித்துச் சிரித்து எனக்கு மூக்குக்கண்ணாடி நனைந்து, கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

இறங்கிய பிறகு முனியம்மா என் முகவாயைத் தொட்டாள். "இவ பூட்டா நீ ஒண்டியா இன்னா பண்ணுவ ஹில்டாம்மா?"

ரோஸி முந்திக்கொண்டு சொன்னாள். "அக்காவுக்கு என்ன முனியம்மா, இனிமேதான் ரெஸ்ட்."

ரெஸ்ட். தாம்பரம் வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லை யோசித்துக்கொண்டு வந்தேன். நல்ல சொல்தான். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள்.

இங்கே ஜோனத்தானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். பல வருஷம் முன்னால் ரோஸியைப் பார்க்க வந்த முதல் வரன் அவன். குரோம்பேட்டைப் பையன், சர்ச் பாடகர் குழுவில் பாடுவான். ரோஸிக்கும் பிடித்திருந்தது. நான் அவனைத் தனியாக அழைத்து, அவளுக்கு வலிப்பு நோய் உண்டு என்று சொன்னேன். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் வலிப்பு யாருக்கும் எந்த வயதிலும் வரலாம் என்று மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் நூலகத்திலேயே அந்தப் புத்தகம் உண்டு. அவன் வரவில்லை. அவனுக்கு உன்னைப் பிடிக்கவில்லையாம் என்று ரோஸியிடம் சொன்னேன். அந்த மழைக்காலம் முழுவதும் அவள் என் மடியில் படுத்து அழுதாள். நான் தினமும் ஆப்பம் சுட்டுக் கொடுத்தேன். எங்கள் இருவருக்கும் அவ்வளவு நெருக்கமான காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு வந்த வரன்களுக்கும் அதையே சொன்னேன். வேலை செய்கிற மருந்தை மாற்றக் கூடாது.

ஜீவானந்தத்திடமும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வந்தா பார்த்துக்கலாம்க்கா, எங்க கம்பெனில முதலுதவி பயிற்சி குடுத்திருக்காங்க" என்றார். நான்தான் சொன்னேனே, குறை சொல்ல முடியாத மனிதர்.

சேலையூர் தாண்டியதும் ரோஸி மேலேயிருந்து குனிந்து, தலைகீழாகத் தொங்குகிற மாதிரி என்னை எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் காற்றில் சிவந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? வலிப்பு கதைய ஜீவா எங்கிட்ட சொல்லிட்டாரு. அப்புறம் ஜோனத்தானுக்கே போன் பண்ணிக் கேட்டேன்."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"நேத்து பூரா ஒம்மேல கொலவெறி. இன்னிக்கு இந்த வண்டில ஏறினதும் எல்லாம் போயிடுச்சுக்கா. நெஜம்மா. பாவம் நீ. என்ன விட்டா ஒனக்கு யார் இருக்கா. மன்னிச்சிட்டேன், போ."

என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி நிமிர்ந்துவிட்டாள். மேலே போய் அதையே சாலைக்கெல்லாம் கேட்கும்படி கத்தினாள். "எங்கக்காவ மன்னிச்சிட்டேன்." டீக்கடையில் நின்ற ஒருவர் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். பின்னால் ஒரு வேனில் கல்லூரிப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் விசில் அடித்தார்கள். ரோஸி அவர்கள் பக்கம் திரும்பி நின்று, கைகள் இரண்டையும் விரித்து ஆட ஆரம்பித்தாள். வண்டி லேசாகக் குலுங்கியது. சின்ன வயதில் தூளியில் கிடந்து உதைக்கும்போது தூளி குலுங்குமே, அப்படி.

எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் எழுத வேண்டாம். வரவில்லை. மனம் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. அவளைவிட எனக்குத்தான் அப்போது கிறுகிறுப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

படப்பைக்குப் போக ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். மேம்பாலம் இருக்கிறது, எல்லோரும் அதில்தான் போவார்கள், ரோஸியும் பஸ்ஸில் அப்படித்தான் போய்வருவாள். கீழே ஒரு சுரங்கப்பாதையும் உண்டு. அதன் சரிவு தொடங்கும் இடத்தில் லாரியும் வேனும் நுழையாதபடி குறுக்கே ஓர் இரும்பு உத்தரம் போட்டிருக்கிறார்கள். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்தது. ஒருமுறை குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் நிறுத்திவைத்து ஏற்றிப்போன பீரோ ஒன்று அதில் மாட்டி இரண்டாக மடிந்ததை நானே பார்த்திருக்கிறேன். என் ஸ்கூட்டரில் பல வருஷமாக அந்த வழியாகத்தான் போய் வருகிறேன். அதன் உயரம் எனக்கு எங்கள் வீட்டு வாசல் நிலையின் உயரம் மாதிரி பழக்கம்.

மேம்பாலத்துக்கு நேரே போக வேண்டும். நான் இடதுபக்கம் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினேன். பின்னால் வந்த வேன் நேராகப் போய்விட்டது. போகிற வேனைப் பார்த்து ரோஸி பின்பக்கமாகவே நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தாள். சாலை காலியாக இருந்தது.

உங்கள் விசாரணையில் இரண்டு விஷயம் சரியாக இருக்கிறது. நான் புக் செய்த வண்டி வரவில்லை. அதனால் இது திட்டமிட்டதாக இருக்க முடியாது என்றீர்கள். உண்மை. காலையில் எழுந்தபோது என் மனதில் பத்திரிகை வைப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. சாலையில் பிரேக் பிடித்த தடம் இல்லை, அதிர்ச்சியில் கால் மரத்துப்போயிருக்கும் என்றீர்கள். கால் மரக்கவில்லை. நன்றாக வேலை செய்தது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், சரிவில் வண்டி வேகம் எடுக்கும் என்று தெரிந்தும் மிதித்தேன்.

நேற்று அடக்கம் முடிந்ததும் ஜீவானந்தம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு யாரும் இல்லன்னு நெனைக்காதீங்கக்கா, நான் இருக்கேன்" என்று அழுதார். அவர் போன பிறகு நீங்கள் எழுதியதை உங்கள் காவலர் படித்துக்காட்டினார். 'இறந்தவரின் அஜாக்கிரதையால்' என்று இருந்தது. அதைத் திருத்தத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். ரோஸி அஜாக்கிரதையான பிள்ளை இல்லை, மேடம். நான் அவளை அப்படி வளர்க்கவில்லை. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் சட்டென்று உட்கார்ந்திருப்பாள். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டியதில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.