உறவுமுறை என்ற கட்டம்

பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் கண்டபடி. வயது முப்பத்தாறு. திருமணம் ஆகவில்லை. மருத்துவக் கல்லூரிக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் மூன்றாம் மாடி பின்பக்க அறையில் தனியாக இருந்து வருகிறேன். தகப்பனார் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. தாயார் அண்ணன் வீட்டில் இருக்கிறார். நான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்து வருகிறேன். எத்தனையாவது வருடம் என்று காவல் நிலைய உதவி ஆய்வாளர் கேட்டார். ஏழாவது என்றேன். "ஏழா?" என்று மறுபடி கேட்டார். என் அம்மாவும் இதே மாதிரிதான் கேட்பாள்.

வயதாக ஆக மனிதனின் கணையம் எப்படி மாறுகிறது என்பது என் ஆராய்ச்சி. அது இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும், ஒரு சாண்கூட இல்லாத உறுப்பு. தின்றதைச் செரிக்க நீர் சுரக்கும், இன்சுலினும் சுரக்கும். வயது ஏறினால் சுருங்கும், இடையிடையே கொழுப்பு சேரும். மூச்சு நின்றதும் தன் நீராலேயே தன்னைக் கரைக்கத் தொடங்கிவிடும் என்பதால், இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் உதவும். இப்படித் தானமாக வந்தவை என்னிடம் நாற்பத்தொன்று உள்ளன. அதில் எண்பது வயதைத் தாண்டியவை இரண்டுதான். மூன்றாவது கிடைக்காமல் ஆய்வேடு எழுத உட்காராதே என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது.

இறந்துபோனவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பத்தொன்று. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் வெளியூரில் இருக்கிறார். உயிரோடு இருக்கும் முதியவர்களுக்கும் நாங்கள் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதுண்டு. அதற்காக அவர் இரண்டு வருடத்துக்கு முன் வந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தேன். அவரோ ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து நின்றார். ஊசி குத்தாமல் அனுப்பினால் முகம் வாடிவிடும். அதனால் சும்மாவாவது விரலில் குத்தி, சர்க்கரை பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்தேன். அந்த எண்களை ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை.

எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறும்போதெல்லாம் "இவளுக்கு மூட்டு வலி டாக்டரம்மா, சத்தத்தைக் கேளுங்க" என்பார். நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை என்று பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. பிறகு "நம்ம ஆளு எப்படி இருக்கான்?" என்று தன் கணையத்தை விசாரிப்பார். "அம்பது வயசுக்காரன் மாதிரி ஜம்முனு இருக்கான்" என்பேன். ஸ்கேனில் அப்படி இல்லை.

நான்கு மாதத்துக்கு முன்பு, தான் இறந்தால் கணையத்தை எடுத்துக்கொள்ளும்படி அவரே சொன்னார். உறுப்பு தான அலுவலகத்துக்கு இருவரும் சென்றோம். நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்து போட வேண்டும் என்று எழுத்தர் சொன்னார். அவர் அங்கிருந்தே மகனுக்கு போன் செய்தார். மகன் "அதெல்லாம் அப்புறம் பேசலாம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போனோம், அதே பதில்தான். மூன்றாவது தடவை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "நீங்களே போட்டுடுங்கம்மா, யாரு கேக்கப்போறா?" என்றார்.

நான் சாட்சி என்று கையெழுத்து போட்டேன். உறவுமுறை என்ற கட்டம் காலியாக இருந்தால் செல்லாது என்று எழுத்தர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். நான் அந்தக் கட்டத்தில் மகள் என்று எழுதினேன். மகள் என்று எழுதும்படி யாரும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் அவர் என்னை நீங்க, வாங்க என்று பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். என்னை அப்படி யாரும் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. நான் அவரை ஐயா என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன். அப்பா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சம்பவ நாளும் செவ்வாய்க்கிழமைதான். ஒன்பதே முக்கால் ஆகியும் அவர் வரவில்லை. பத்து மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் போன் செய்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே இறந்துவிட்டதாகவும், சட்டைப்பையில் என் எண் மட்டும் இருந்ததாகவும் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். மாரடைப்பு என்று டாக்டர் எழுதியிருந்தார். அன்று ரத்தம் எடுக்கும் நாள் இல்லை. இருந்தாலும் மனிதர் சாப்பிடாமல்தான் கிளம்பியிருப்பார். அதை நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு மகனுக்கு நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஒரு மணிக்கு அறுவை சிகிச்சை டாக்டர், "இப்ப விட்டா அப்புறம் எடுத்துப் பிரயோஜனம் இல்ல, மக நீங்கதானே, சொல்லுங்க" என்றார். எடுங்கள் என்றேன். எடை அறுபத்திரண்டு கிராம் இருந்தது. நாற்பத்திரண்டு என்று எண் போட்டு ஃபார்மலினில் வைத்தேன். மகன் நான்கு மணிக்குத்தான் திரும்பக் கூப்பிட்டார்.

மறுநாள் அவர் வந்து வயிற்றில் தையலைப் பார்த்தார், படிவத்தையும் வாங்கிப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அவர் கத்தக்கூட இல்லை. "எனக்கே தெரியாம எனக்கு ஒரு தங்கச்சியா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு புகார் கொடுத்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

கணையத்துக்காகத்தான் அவரோடு பழகினாயா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். முதல் நாள் அதற்காகத்தான். எந்த நாளிலிருந்து அதற்காக இல்லை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்தப் படிவம் செல்லாது என்பதால் நாற்பத்திரண்டை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்பதும், பட்டம் கிடைக்காமல் போகலாம் என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஒரு வாரமாக வழிகாட்டி அறுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் அதன்மேல் கத்தி வைக்கவில்லை. அம்பது வயசுக்காரன் என்று சொன்ன வாயோடு எப்படி அறுத்துப் பார்ப்பது? இன்று அதை மூடிய பாட்டிலோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். மகனிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதைக் காவல் நிலைய எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். முதல் தாளில், இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டம் காலியாக இருப்பதைக் காட்டி, என்ன போட என்று கேட்டார். உறவு எதுவும் இல்லை என்று போடச் சொன்னேன். போட்டார். அந்த ஒரு வரி உண்மைதானா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றபடி நான் சொன்னதெல்லாம் உண்மை, யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை.

(கையொப்பம்)