ஆக்சிலேட்டர் ராடு

தாம்பரத்தில் கிளம்பிய பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். அப்பாவின் பழைய டிராக்டருக்கு வாங்கிய ஆக்சிலேட்டர் ராடைத் தம்பி பிரித்துக் காட்டினான்.

"அத மாட்டாதடா. பழசு தானா விழல, அம்மாதான் கழட்டி ஒளிச்சு வச்சிருக்காங்க."

"ஏங்க்கா?"

"அப்பாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு. அன்னிக்கு வண்டிய கிணத்து ஓரமா கொண்டுபோய் நிறுத்தினாரு. ராடு இல்லன்னா வண்டி வேகம் எடுக்காதுல்ல?"

"பாவம், அவருக்கு விஷயம் தெரியாதே."

"முன்னல்லாம் ராடு போனா கட்டுக்கம்பிய முறுக்கிக் கட்டி அவரே ஓட்டுவாரு. இப்ப மட்டும் ஏன் கட்டல?"

சேலையூர் தாண்டும்போது தம்பி ராடை மறுபடி பேப்பரில் சுற்றினான்.

"அப்பா கண்டுபிடிச்சிட்டாருன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ போய் சொல்லிடாத."