பதினாலாவது ஆள்

– இழுக்காதேன்னு சொன்னேனா இல்லையா?

– சொன்னே அக்கா. ஆனா நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் இழுத்து முடிச்சுட்டேன்.

– இப்ப கையில என்ன?

– கைப்பிடி.

– கதவு?

– கதவு அங்கயேதான் இருக்கு. இவ்வளவு அழகா அது சாத்திக்கிட்டு நான் பார்த்ததே இல்ல.

– அட என் சாமி! ரெண்டு வருஷமா அந்தக் கைப்பிடியைப் பச்சைக் குழந்தையைத் தொடற மாதிரி தொட்டுக்கிட்டிருக்கேன். இந்த மேக்கப் ரூமுக்கு வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் 'மெதுவா, மெதுவா'ன்னு சொல்லியே என் தொண்டை போச்சு. நீ வந்தே, கயித்துல கட்டின மாட்டை இழுக்கற மாதிரி ஒரு இழு!

– நான் உள்ள வந்ததை யாரும் பார்க்கக் கூடாதுன்னு அவசரமா சாத்தினேன்.

– இனிமே யாரும் பார்க்க முடியாது. திருப்திதானே?

– இரு, தட்டிப் பார்க்கறேன். யாருங்க வெளியில? வாட்ச்மேன் அண்ணே! அண்ணே!

– யாரு? உள்ள யாரு?

– நான்தாண்ணே, ராத்திரி சிரிப்பு நிகழ்ச்சிக்கு ஸ்கிரிப்ட் எழுதறவன். மேக்கப் அக்காவும் இருக்காங்க. கதவு மாட்டிக்கிச்சு.

– அது வந்து சார், வெளிப்பக்கக் கைப்பிடியும் கீழ விழுந்து கிடந்துச்சு சார். யாரு காலுலயாவது இடிக்கப் போகுதுன்னு இப்பத்தான் ஓரமா எடுத்து வச்சேன்.

– அதையே மாட்டித் திறங்கண்ணே.

– அது வந்து சார், நடுவுல ஒரு கம்பி இருக்கும். அது ரெண்டா போச்சு. தச்சர்தான் வரணும். அவரு நாலாவது மாடியில மேடை போட்டுக்கிட்டிருக்கார். நாலு மணிக்கு உங்க நிகழ்ச்சியை நடத்தப் போற புது ஆளு யாருன்னு நேரலையில சொல்றாங்கல்ல சார், அதுக்கு.

– தெரியும்ணே, தெரியும். இப்ப மணி என்ன?

– மூணேகால் சார்.

– ஓடுங்கண்ணே. கூட்டிட்டு வாங்க.

– அது வந்து சார், லிஃப்ட் வேலை செய்யல. எனக்கு முட்டி வேற...

– மெதுவாவே போங்க. போனாப் போதும்.

– கத்தாதே தம்பி, அவர் போயிட்டார். வந்து உட்காரு. மொதல்ல எதுக்கு வந்தேன்னு சொல்லு.

– என் மூஞ்சியைக் கொஞ்சம் சரி பண்ணணும்.

– எதைப் பண்ணணும்?

– சிரிக்காதே. நாலு மணிக்கு முன்னாடி ஆள் மாதிரி ஆக்கி அனுப்பு, போதும்.

– பன்னெண்டு வருஷமா இந்த நாற்காலியில ஒரு தடவ உட்காருடான்னா, 'எழுதறவனுக்கு எதுக்கு மூஞ்சி'ன்னு ஓடுவே. இன்னைக்கு மட்டும் எதுக்காம்?

– அதை அப்புறம் சொல்றேன். நீ ஏன் இன்னைக்குப் பளபளன்னு இருக்கே? புதுத் துணி, கண்ணுல மையி. உன் மூஞ்சியில நீயே கை வச்சு நான் பார்த்ததில்லையே. எங்கயாவது விசேஷமா?

– சும்மாதான். திரும்பு. வெளிச்சத்தைப் பாரு. ஐயோ, இது என்ன, கண்ணுக்குக் கீழ ரெண்டு பக்கமும் மூட்டை கட்டி வச்சிருக்கே?

– பன்னெண்டு வருஷத்து ஜோக்கு. விக்காம மிஞ்சினது.

– ம்.

– சிரிக்கலையா?

– பிரஷ்ஷை வாயில கவ்வியிருக்கேன்ல. அசையாதே.

– அக்கா, தேர்வுக்கு வந்த பதிமூணு பேருக்கும் நீதானே மேக்கப் போட்டே. எப்படி இருந்தாங்க? உண்மையைச் சொல்லு.

– சொல்றேன் கேளு. அந்த ரேடியோக்காரர் வந்தாரே, அவருக்கு எதிர்ல ஒரு மனுஷ மூஞ்சி இருந்தாப் பேச்சே வரல. பாவமேன்னு நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி விட்டேன். அருவியாக் கொட்டினாரு. அதுக்காகக் கேமராவைச் சுவத்துக்குள்ள புதைக்க முடியுமா?

– அந்த சீரியல் மாமியார்?

– தங்கமான பொம்பள. ஆனா பதினஞ்சு வருஷம் மருமகளை அழவச்ச குரலு. 'எல்லாருக்கும் வணக்கம்'னு சொன்னாங்க, லைட் புடிச்சவன் 'நான் ஒண்ணும் பண்ணலம்மா'ன்னு எழுந்து நின்னுட்டான்.

– ஐயோ! அந்தப் பல் டாக்டர்?

– தன் ஜோக்குக்கு நோயாளிங்கல்லாம் சிரிக்கறாங்கன்னு சொன்னாரு. வாய்க்குள்ள ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு ஜோக்கு சொன்னா, அது சிரிப்பா கதறலான்னு இவருக்கு யாரு சொல்லுவா?

– இரு இரு, இதை எழுதிக்கறேன். பேனா எங்க போச்சு?

– எழுதிக்கோ, எழுதிக்கோ. தலையை மட்டும் ஆட்டாதே.

– அக்கா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். பதிமூணு பேர் இல்ல. பதினாலு. ஏன் நிறுத்திட்டே?

– பவுடர் கட்டியாயிருக்கு. நீ சொல்லு.

– அன்னைக்குப் பல் டாக்டர் வர நேரமாச்சுல்ல. ஆள் வர்றதுக்கு முன்னாடி வெளிச்சம் சரியா விழுதான்னு பார்க்க, எப்பவும் போல உன்னைத்தான் நாற்காலியில உட்கார வச்சாங்க. கேமரா ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ உன் வீட்டுக்காரர் குறட்டையைப் பத்தி என்னமோ சொல்லிக்கிட்டிருந்தே...

– அவரு குறட்டை விட்டா, பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து போய்த் தண்ணி மோட்டாரை நிறுத்தறாருன்னு சொன்னேன்.

– அதேதான்! அப்புறம் எல்லாரும் டீ குடிக்கப் போனீங்க. நான் போகல. கேமராவை நானே ஓடவிட்டு நாற்காலியில உட்கார்ந்துட்டேன். பத்து நிமிஷம் பேசினேன் அக்கா. எழுதி வச்சதுதான், ஆனா என் வாயால பேசினேன். அந்தக் கிளிப்பை எடுத்து, மேல பெரிய மேடத்துக்குப் போற பதிமூணோட சேர்த்துட்டேன். பேர் போடல. 'பதினாலு'ன்னு மட்டும் போட்டேன்.

– நீயாத்தான் சேர்த்தியா?

– பின்ன வேற யாரு சேர்ப்பா? இப்பக் கேளு, மேடத்தோட டிரைவர் நேத்து என்கிட்ட ரகசியமா சொன்னார். பதினாலாவது ஓடறப்ப மேடம் தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தாங்களாம். மேசை மேலயே கொப்புளிச்சுட்டாங்களாம். 'இதான் நம்ம ஆளு, இனிமே தேடாதீங்க'ன்னுட்டாங்களாம். இப்பத் தெரியுதா எனக்கு எதுக்கு மூஞ்சின்னு?

– தம்பி...

– என்ன, நம்ப முடியலையா? எனக்கும் நேத்து அப்படித்தான் இருந்துச்சு. டிரைவர் கையைப் புடிச்சுக் குலுக்கறேன், விடவே மாட்டேங்கறேன். அவரு வண்டியை எடுக்கணும்.

– நீ இதை யாருகிட்டயும் சொல்லலையே?

– யாருகிட்டயும் இல்ல. வீட்டுல மட்டும்தான். அவ அவங்கம்மாகிட்ட மட்டும் சொன்னா. அவங்கம்மாவுக்குக் காது கேக்காது, அதனால போன்ல கத்திச் சொன்னா. இப்ப எங்க தெருவுக்கே தெரியும். பொண்ணு பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட சொல்லியிருக்கா, டீச்சர் வகுப்பையே கைதட்டச் சொன்னாங்களாம்.

– அட என் சாமி.

– என் வீட்டுக்காரி என்ன சொன்னா தெரியுமா? 'வீட்டுல நீங்க பேசி நான் ஒரு நாளும் சிரிச்சதில்ல. பரவாயில்ல, டிவிக்குள்ள போனா வேற மாதிரி இருக்கும்'னா. இது பாராட்டா இல்லையான்னு நானும் நேத்துலேருந்து யோசிக்கறேன். ஏன் பவுடர் டப்பா மூடியால விசிறிக்கறே?

– இந்த ரூம்ல காத்தே இல்ல. ஜன்னல் வச்சிருக்கலாம்ல பாவிங்க.

– ஜன்னலா! எனக்குப் பழகிப்போச்சு அக்கா. பன்னெண்டு வருஷம் இன்னொருத்தன் வாய்க்குள்ள குடியிருந்தவன் நான். நம்ம பழைய ஆளு வேற சேனலுக்குப் போனாரே, போறப்ப 'நீயும் வர்றியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? 'அந்த மழைக்கோட்டு ஜோக்கை நானே எடுத்துக்கட்டுமா'ன்னு மட்டும் கேட்டார். எடுத்துக்கோங்கன்னேன். நான் எழுதினது, நானே 'நன்றி சார்'னு வேற சொன்னேன்.

– நீ எப்பவுமே அப்படித்தான்.

– வருஷா வருஷம் ஒவ்வொரு மேலாளர்கிட்டயும் போய் நின்னேன். நானே ஒரு நாள் பேசிப் பார்க்கவா சார்? பார்க்கலாம். ஒரு ஓரமா ரெண்டு நிமிஷம்? பார்க்கலாம். முடியாதுடா, போடான்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொல்லியிருந்தா, என் மச்சானோட கடையில உட்கார்ந்து நிம்மதியா பெயிண்ட் வித்திருப்பேன். இந்தக் கதவு எவ்வளவோ மேல். சாத்தியிருக்கேன்னு நேரா சொல்லுது.

– தம்பி, சொல்றேன் கேளு...

– சார்! சார், நான்தான். தச்சர் வந்துட்டாரு சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பூட்டைக் குடையப் போறாரு.

– வாழ்க அண்ணே! எவ்வளவு நேரம் ஆகும்?

– அது வந்து சார், அஞ்சு நிமிஷம்ங்கறார். அப்புறம், மேல அக்காவை எல்லாரும் தேடறாங்க சார். பெரிய மேடமே ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. எங்க அவங்க, எங்க அவங்கன்னு.

– பார்த்தியா அக்கா, என் மூஞ்சிக்கு உன்னைத் தேடறாங்க. நீ ஏற்கனவே போட்டாச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது!

– தம்பி, ஒண்ணு கேக்கறேன். அந்தக் கிளிப்பை எப்படி எடுத்தே?

– எப்படின்னா? கேமராவுல இருந்துதான். அன்னைக்குப் புதுக் கார்டு போட்டிருந்தாங்க, அதுல ரெண்டே ரெண்டுதான் இருந்துச்சு. நீ வெளிச்சத்துக்கு உட்கார்ந்தது ஒண்ணு, நான் பேசினது ஒண்ணு. நான்தானே கடைசி. கடைசில இருந்ததை எடுத்தேன்.

– கடைசின்னா மேலயா, கீழயா?

– கீழதான். கடைசின்னா கீழதானே இருக்கும்?

– அனுப்பறதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்த்தியா?

– என் மூஞ்சியை நானே பார்க்கறதா? அவ்வளவு தைரியம் இருந்தா நான் ஏன் எழுத்தாளனாகறேன்? கண்ணை மூடிக்கிட்டு அனுப்பிட்டேன்.

– அந்தக் கேமராவுல புதுசா எடுத்தது மேல வரும் தம்பி.

– மேலயா?

– மேல. பழசு கீழ போயிடும்.

– அப்ப கீழ இருந்தது... நீயா?

– ம்.

– குறட்டை.

– ம்.

– மேடம் தண்ணியைக் கொப்புளிச்சாங்களே, அது?

– மோட்டாரை நிறுத்தின இடத்துலயாம்.

– உனக்கு எப்பத் தெரியும்?

– நேத்து சாயந்தரம். மேடம் கூப்பிட்டாங்க. அவங்களுக்குத்தான் ஏதோ மேக்கப்புன்னு நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனேன். பெட்டியைக் கீழ வச்சுட்டு உட்காருங்கன்னாங்க. உங்களை யாரு அனுப்பினாங்கன்னு கேட்டாங்க. தெரியாதும்மான்னேன். இப்பத்தான் எனக்கே தெரியும்.

– அரை மணி நேரமா நான் உளறிக்கிட்டிருக்கேன். நீ பவுடர் போட்டுக்கிட்டே இருந்தே.

– நீ பதினாலுன்னு சொன்னப்பவே சொல்ல வாயெடுத்தேன். தெரு, பள்ளிக்கூடம், டீச்சர்னு நீ பாட்டுக்கு அடுக்கிக்கிட்டே போறே. நான் எங்க போய் நிக்கறது? கதவைத் திறந்துகிட்டு ஓடலாம்னா அதையும் நீ புடுங்கி வச்சிருக்கே.

– சரி. சரி, ஒண்ணும் ஆகல. நான் மேல போய்த் தப்பா அனுப்பிட்டேன்னு சொல்லிடறேன். என்னோடது இன்னும் கார்டுல இருக்கும்ல?

– இருக்கு.

– எப்படித் தெரியும்?

– காலையில கேமராக்காரர்கிட்ட என் கிளிப்பைக் கேட்டேன். தவறி அதுக்கு மேல இருந்ததை ஓட்டினார். நீ வந்தே.

– பார்த்தியா?

– பார்த்தேன்.

– முழுசாவா?

– முழுசா.

– சிரிச்சியா?

– விடு தம்பி, இப்ப எதுக்கு...

– நீயும் 'பார்க்கலாம்'னு சொல்லப் போறியா அக்கா?

– சிரிக்கல. ரெண்டு தடவ ஓட்டச் சொன்னேன். அந்தப் பழைய ஆளு மாதிரியே கையை ஆட்டறே, அவரு மாதிரியே தொண்டையைச் செருமிட்டு ஆரம்பிக்கறே, அவரு கண்ணடிக்கற இடத்துலயெல்லாம் கண்ணடிக்கறே. இதுல நீ எங்கடான்னு தேடிக்கிட்டே இருந்தேன். கிளிப்பு முடிஞ்சுபோச்சு. அழாதே. மை வழியும்.

– அழல. தூசி. அந்தத் தச்சர் குடையறார்ல.

– இந்தா, துடைச்சுக்கோ.

– திறந்துருச்சு சார்! வாங்கக்கா, வாங்க, மணி நாலாகப் போகுது, மேல கத்தறாங்க.

– ஒரு நிமிஷம்ணே. அக்கா, நில்லு. என்னைப் பாரு. மேடையில ஏறணும், மைக்குப் புடிக்கணும்னு நீ ஒரு நாளாவது சொல்லியிருக்கியா? உனக்கு இது தானா வந்து விழுந்தது. எனக்கு அப்படி இல்ல. எங்க வீட்டுல டிவி முன்னாடி பாய் விரிச்சு உட்கார்ந்திருப்பாங்க இந்நேரம். நீ முடியாதுன்னு சொன்னா, அவங்க மறுபடி தேடுவாங்க. அன்னைக்கு எடுத்த இன்னொரு கிளிப்பு இருக்குன்னு நான் சொல்ல முடியும். எனக்காக முடியாதுன்னு சொல்லுவியா?

– மாட்டேன் தம்பி. எனக்கு வேணும்.