ஆறு மணிக்கு மடங்காத விரல்கள்

— கையைக் குடுங்கண்ணே. ஒத்தடத் துண்டு ஆறிட்டிருக்கு.

— வேண்டாம். இன்னைக்கு என் கையைத் தொடாதீங்க, மேடம்.

— போன வாரம் வரைக்கும் தங்கச்சியா இருந்தேன். இன்னைக்கு மேடமாயிட்டேனா?

— தங்கச்சின்னா அண்ணன் பொழப்புல மண் அள்ளிப் போட மாட்டா.

— அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? நான் இப்பத்தானே உள்ள வந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கூட இன்னும் திறக்கல.

— காலையிலேர்ந்து இப்படித்தான் இருக்கார். நீங்க உக்காருங்க. இன்னொரு துண்டு வெந்நீர்ல நனைச்சு எடுத்துட்டு வரேன்.

— உக்கார வேண்டாம். நின்னுக்கிட்டே பதில் சொல்லட்டும். நான் கேக்கறேன், எங்க ஸ்கூல் மேனேஜர் வீட்டுக்கு நீங்க போறீங்களா இல்லையா?

— போறேன். அவரோட மாமியாருக்கு முட்டி வலி. வாரம் ரெண்டு நாள் தேய்ச்சு விடறேன். அதுக்கென்ன?

— அங்கதான் போட்டுக் குடுத்திருக்கீங்க.

— எதை?

— என் கையை.

— இங்க பாருங்க. எனக்குப் புரியற மாதிரி பேசுங்க. இல்லன்னா பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பறேன்.

— புரியற மாதிரியே சொல்றேன். இருபது வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டறேன். பிள்ளைங்க என்னை டிரைவர்னு கூட கூப்பிடறதில்ல, பைலட்னுதான் கூப்பிடுதுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை டிரைவர்களுக்கு டெஸ்ட் வைப்பாங்க. கண்ணைப் பாப்பாங்க, காதைப் பாப்பாங்க, ஒரு இரும்புப் பிடியைக் குடுத்து அமுக்கச் சொல்லி முள்ளு எவ்வளவு ஏறுதுன்னு பாப்பாங்க. அப்புறம் மைதானத்துல ஒரு சுத்து ஓட்டணும். எப்பவும் மத்தியானம்தான். பிள்ளைங்களை இறக்கிட்டு, சாப்பிட்டுட்டு, ஜம்முன்னு போய் அமுக்குவேன். பாஸ். இந்தத் தடவை எனக்கு நாளைக்குக் காலையில ஆறு மணின்னு சொல்லிட்டாங்க. மத்தவனுக்கெல்லாம் அதே மத்தியானம். எனக்கு மட்டும் ஆறு.

— ஆறு மணிக்கா?

— பாத்தீங்களா, உங்களுக்கே சுருக்குன்னுது. ஏன்னா உங்களுக்குத் தெரியும். காலையில எந்திரிச்சா என் விரலெல்லாம் பூட்டுப் போட்ட மாதிரி கிடக்கும். ஒவ்வொண்ணா திறக்க எட்டு, எட்டரை ஆகும். மத்தியானம் பாத்தா நான் பயில்வான், காலையில பாத்தா ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. இது வேற யாருக்குத் தெரியும்? நான் டாக்டர்கிட்ட கூட போகல.

— போகலையா? போனேன், மாத்திரை குடுத்தாங்க, ஒழுங்கா சாப்பிடறேன்னு என்கிட்ட சொன்னீங்களே.

— சொன்னேன். போனா வண்டி ஓட்டாதேம்பாங்க. அதைக் காதால கேக்கறதுக்கு வரிசையில வேற நிக்கணுமா?

— அண்ணே, இது மூட்டுவாதம். நான் தேய்க்கறது வலி குறையறதுக்கு, இறுக்கம் தளர்றதுக்கு. உள்ள இருக்கற நோயை என் கட்டைவிரல் துரத்தாது. வைத்தியம் ஒரு பக்கம் நடந்தாத்தான் இதனால புண்ணியம். முதல் நாளே சொன்னேனா இல்லையா, அக்கா?

— சொன்னீங்க.

— நீ வாயை மூடு. மேடம், பேச்சை மாத்தாதீங்க. மேனேஜர் வீட்டுல சொன்னீங்களா?

— இல்ல.

— சத்தியமா?

— சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். என் வார்த்தை போதும்னா எடுத்துக்கோங்க. நான் போற வீட்டுலெல்லாம் யார் படி ஏற முடியாம அழறாங்க, யாருக்கு யார் சோறு போட மாட்டேங்கறாங்க, அத்தனையும் எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டு வாசல்ல இறக்கி வச்சதில்ல. நான் கையை வச்சுப் பொழைக்கறவ. வாயை வச்சு இல்ல.

— நல்லாத்தான் பேசறீங்க.

— சண்டை போடறதுன்னா போடுங்க. கையைக் குடுத்துட்டுப் போடுங்க. வந்த வேலையையாவது பாக்கறேன். ஆங், அப்படி. மணிக்கட்டைத் தளர விடுங்க. முஷ்டியை யார்கிட்ட காட்டறீங்க?

— காலையில இப்படி மடக்க முடிஞ்சா நான் ஏன் கத்தப் போறேன்? ஆ... மெதுவா.

— எண்ணெய்தான் தடவறேன், இன்னும் அழுத்தவே இல்ல. சரி, சொல்லுங்க. வேற யார் மேல சந்தேகம்?

— அடுத்த வேன் ஓட்டறானே சோடாபுட்டி, அவனுக்கு என் ரூட்டு மேல ரொம்ப நாளா கண்ணு. கண்ணாடியைக் கழட்டினா எதிர்ல லாரி வந்தாக்கூட தெரியாத பய, அவன் டெஸ்ட்ல பாஸ் ஆயிடுவான். ஆனா அவனுக்கு என் கை சமாசாரம் தெரியாது. இல்ல, அந்த கேட் வாட்ச்மேனா இருக்கும். திங்கக்கிழமை அவன்தான் பாத்துட்டு நின்னான்.

— திங்கக்கிழமை என்ன?

— ஒண்ணும் இல்ல. கேட்டுக்கிட்ட வண்டி கொஞ்சம் முன்னாடி குதிச்சிடுச்சு. ஒரு பிள்ளையோட தண்ணி பாட்டில் சக்கரத்துல மாட்டி நசுங்கிப் போச்சு. பாட்டில்தானே? சாயந்தரமே புதுசு வாங்கிக் குடுத்துட்டேன்.

— ஏன் குதிச்சது?

— வண்டின்னா ஒரு நாள் குதிக்கத்தான் செய்யும். குறுக்கு விசாரணையெல்லாம் எங்க மேனேஜர் பண்ணட்டும்.

— கோவப்படாம கேளுங்க. விரல் திறக்க எட்டரை ஆகுதுன்னு நீங்களே சொல்றீங்க. வேன் ஆறரைக்கே கிளம்புது. நடுவுல எப்படித்தான் ஓட்டறீங்க?

— பழக்கம். இஞ்சின் சூடாகறப்ப கையும் சூடாயிடும்.

— அக்கா, அந்த வேன்ல நீங்கதானே ஆயா? நீங்க சொல்லுங்க.

— இந்தாங்க துண்டு. பாத்து, கொதிக்குது.

— நான் கேட்டது வேற.

— அவளை ஏன் இழுக்கறீங்க? அதான் நான் சொல்லிட்டேனே. அவளே தோள்பட்டை வலின்னு முனகிக்கிட்டுத் திரியறா. இந்த வீடே ஆஸ்பத்திரியாப் போச்சு.

— தோளா? இப்படி வாங்க அக்கா. அட, உள்ளங்கை என்ன, நடுவுல வட்டமா இப்படிக் காய்ச்சுக் கிடக்கு?

— வீட்டு வேலைதான்.

— எந்த வீட்டு வேலைக்கு இங்க காய்க்கும்?

— அவ கையை அப்புறம் ஆராய்ச்சி பண்ணுங்க. என் கைக்கு வழி சொல்லுங்க. நான் கேக்கறேன், நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி வந்து தேய்ச்சுத் திறந்து விட முடியுமா? நீங்க போட்டுக் குடுக்கலங்கறது உண்மைன்னா வருவீங்க.

— வர மாட்டேன். இந்த விரல் கணுவை நீங்களே தொட்டுப் பாருங்க. கொதிக்குது. பக்கத்துக் கணுவும் வீங்கியிருக்கு. சூடா இருக்கற மூட்டை அழுத்தித் தேய்ச்சா மறுநாள் ரெண்டு மடங்கா வீங்கும்.

— மறுநாள் வீங்கட்டும், வெடிக்கட்டும். ஆறு மணிக்கு அந்தப் பிடி அமுங்கணும். எனக்கு அது போதும்.

— முடியாதுண்ணே.

— பாத்தியாடி? பாத்துக்கிட்டியா? போட்டுக் குடுத்தவளுக்குத்தான் வரவும் மனசு வராது.

— வார்த்தையை அளந்து பேசுங்க.

— எதுக்கு அளக்கணும்? வேனைப் பிடுங்கிட்டா என்னைத் தூக்கி கேட்ல உக்கார வைப்பாங்க. சோடாபுட்டி என் வண்டியில என் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஹாரன் அடிப்பான், நான் ஓடிப் போய்க் கதவைத் திறந்து விடணும். பைலட்டு, பைலட்டுன்னு கத்தற பிள்ளைங்க எந்த முகத்தைப் பாக்கும்? ஸ்டியரிங்கைத் தவிர எதையும் பிடிச்சதில்ல நான். அதையும் பிடுங்கறதுக்கு வழி காட்டிட்டு, இங்க வந்து எண்ணெய் தடவறீங்க. நாளைக்கு இந்தத் தெருவுல ஒருத்தர் விடாம சொல்வேன், யார் வீட்டுல நீங்க கையைப் பிடிச்சாலும் அடுத்த வீட்டுல போய் அந்தக் கையைக் காட்டிக் குடுத்துடுவீங்கன்னு.

— நிறுத்துங்க. போதும்.

— சுடுதுல்ல?

— சுடத்தான் செய்யுது. வரேன். அஞ்சு மணிக்கு வரேன். உங்களுக்காக வரேன்னு நினைச்சுக்காதீங்க, உங்க வாய்க்குப் பயந்து வரேன். கொதிக்கற கணுவைத் தொட மாட்டேன். ஒத்தடம் குடுத்து, மணிக்கட்டையும் முன்கையையும் தேய்ச்சு, விரலை லேசா நீவி விடறேன். முள்ளு ஏறுதா இறங்குதாங்கறது உங்க பாடு. அதோட சரி, இந்த வீட்டு வாசப்படி இனிமே மிதிக்க மாட்டேன்.

— தங்கச்சி...

— திரும்பத் தங்கச்சியாயிட்டேனா?

— வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதம்மா. நீ வந்தாப் போதும், நான் அமுக்கிடுவேன். ஏய், நாலரைக்கே எந்திரிச்சு வெந்நீர் போட்டு வச்சிடு. காதுல விழுந்துதா?

— போட மாட்டேன்.

— என்னது?

— வெந்நீர் போட மாட்டேன். தங்கச்சி, நாளைக்கு நீங்க வராதீங்க.

— பைத்தியம் பிடிச்சிடுச்சா உனக்கு? மலையைப் புரட்டற மாதிரி இப்பத்தான் அவளைச் சம்மதிக்க வச்சிருக்கேன்.

— உள்ளங்கை எதுல காய்ச்சதுன்னு கேட்டீங்களே. கியர் குமிழ்ல. மழை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து காலையில கியர் போடறது நான். இவர் கிளட்ச்சை மிதிச்சுட்டு செகண்டும்பார், நான் தள்ளுவேன். தேர்டும்பார், இழுப்பேன். ஸ்டியரிங்கை மணிக்கட்டால உருட்டுவார். பின்னாடி பிள்ளைங்களோட இருக்க வேண்டியவ, முன் சீட்டுல குந்திக்கிட்டு வண்டி ஓட்டறேன்.

— வாயை மூடுடி. வெளியாள் முன்னாடி...

— ரெண்டு மாசமா மூடித்தான் இருந்தேன். நிறுத்திடலாங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? திங்கக்கிழமை நீங்க ரிவர்ஸ்னு சொன்னீங்க, நான் ஃபர்ஸ்ட்ல போட்டுட்டேன். பாட்டில்தானே, பாட்டில்தானேன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. அந்தப் பாட்டிலை எடுக்கத்தான் சிவப்பு ரிப்பன் கட்டின குட்டி குனிஞ்சது. உங்க பக்கத்துலேர்ந்து தெரியல, எனக்குத் தெரிஞ்சது. நீங்க பிரேக்கை மிதிச்சப்ப சக்கரத்துக்கும் அது விரலுக்கும் நடுவுல இருந்தது பாட்டில் மட்டும்தான். அன்னைக்கு ராத்திரி நீங்க தூங்கினீங்க. நான் தூங்கல.

— அப்ப... அந்த வாட்ச்மேன் பய அதைப் பாத்துட்டுத்தான் போய்ச் சொல்லியிருக்கான்.

— அவனைத் திட்டாதீங்க. இந்தத் தங்கச்சியையும் இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க. டெஸ்டுக்கு அவரை மத்தியானம் கூப்பிடாதீங்க, காலையில ஆறு மணிக்குக் கூப்பிட்டு அவர் கையைப் பாருங்கன்னு மேனேஜர் வீட்டு வாசல்ல நின்னு சொன்னது நான்தான்.